என் வலிக்குப் பேர் விகடகவி!

ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடறீங்க. அவர் வந்து ஸ்விட்ச்சைப் போட்டதும் ஃபேன் சமர்த்தா, சத்தமே இல்லாம சுத்துது. ‘நல்லாத்தானே இருக்கு?’னு உங்களை ஒரு மாதிரி பார்த்துட்டு, வந்த கூலியை வாங்கிட்டுப் போயிடறார். அவர் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்... மறுபடியும் கடகட!

இந்த அனுபவம் இல்லாத வீடு இருக்குமா, சொல்லுங்க? ஃபேன் பண்ணினா சிரிச்சுட்டுப் போயிடலாம். அதே வேலையை உங்க உடம்பு பண்ணினா? டாக்டர் ரூம் கதவைத் திறக்கற வரைக்கும் வலிச்ச கை, உள்ளே போனதும் ‘எனக்கு ஒண்ணுமில்லையே’னு கை கட்டி நின்னா?

ஹாய் ஃப்ரெண்ட்ஸ்! இ.சி.இ. மூணாம் வருஷம். வயசு இருபது. ஒரு வருஷத்துக்கு மேல எனக்கும் என் மூட்டுகளுக்கும் நடுவுல நடக்கற கண்ணாமூச்சி ஆட்டத்தைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன். ‘மூட்டுவலியா? அது பாட்டிங்க டிபார்ட்மென்ட்டாச்சே!’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். இது உங்க பெஞ்ச்சுல, உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பொண்ணோட கதையாவும் இருக்கலாம்.

புதன் வந்தது... வெள்ளி போச்சு!

செகண்ட் இயர்ல ஒரு புதன்கிழமை. மதியம் வரைக்கும் ஒண்ணும் இல்லை. சாயந்திரம் வலது கை ஆள்காட்டி விரலோட அடி மூட்டுல சுருக்குனு ஒரு வலி. ராத்திரி மெஸ்ஸுல சப்பாத்தியைப் பிய்க்க முடியலை. பத்து மணிக்கு அந்த மூட்டு சிவந்து, தொட்டா சுடற அளவுக்கு வீங்கிடுச்சு. மறுநாள் காலையில பேஸ்ட் டியூபை அமுக்க முடியாம, ரூம்மேட்தான் பிரஷ்ல வச்சுக் கொடுத்தா. அன்னிக்கு லேப் கட். வெள்ளிக்கிழமை காலையில கண் முழிச்சுப் பார்த்தா... வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, வலி இல்லை. யாரோ ராத்திரியில வந்து கையை மாத்தி வச்சுட்டுப் போன மாதிரி இருந்தது!

மூணு வாரம் கழிச்சு இடது முழங்கால். அப்புறம் வலது மணிக்கட்டு. ஒரு தடவை தோள்பட்டை, தலை பின்னக் கையைத் தூக்க முடியலை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள், ரெண்டு நாள், மிஞ்சிப் போனா மூணு நாள். அப்புறம் சுவடே இல்லாம போயிடும்.

திண்டுக்கல்ல இருக்கிற பாட்டி ஃபோன்லயே தீர்ப்பு சொல்லிட்டாங்க. “வாயுடி அது. அப்படித்தான் இடம் மாறும்!” அம்மா மிளகாய் சுத்திப் போட்டாங்க. லீவுல ஊருக்குப் போனப்பல்லாம் முடக்கறுத்தான் கீரை தோசை. தோசை நல்லாத்தான் இருந்தது. வலி அது பாட்டுக்கு வந்துக்கிட்டுதான் இருந்தது.

காலேஜுல கதை வேற. “லேப் அன்னிக்கு மட்டும் கை வீங்குமாம்மா உனக்கு?”ன்னு ஒரு சார் க்ளாஸுக்கு நடுவுல கேட்டார். மொத்த க்ளாஸும் சிரிச்சது. சனிக்கிழமை என்கூட ஷட்டில் ஆடினவ, செவ்வாய்க்கிழமை நான் படியேற முடியாம கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்து, “நேத்து ஆடினியே, இன்னிக்கு என்ன?”ன்னா. அடுத்த வாரமே எனக்கு ஒரு பட்டப் பேரு வந்துடுச்சு... ‘சீன் பார்ட்டி’!

டாக்டர்கிட்ட போனியான்னு கேட்பீங்க. அங்கேதான் ட்விஸ்ட். நான் ஃபோன் பண்ணி, அப்பா திண்டுக்கல்ல பஸ் ஏறி, கோயம்புத்தூர் வந்து, டோக்கன் போட்டு, எங்க நம்பர் வர்றதுக்குள்ள வலி ஊருக்குப் போயிடும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, “நார்மல்”னு சொல்லி கால்சியம் மாத்திரை எழுதினார். அடுத்தவர், “சிக்குன்குனியா வந்துச்சா?”ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். 2006-ல் அந்தக் காய்ச்சல் தமிழ்நாட்டைச் சுத்தி வந்தப்போ, மாசக்கணக்கா மூட்டைப் பிடிச்சுக்கிட்டு நடந்தவங்க எத்தனை பேர்! ஆனா, எனக்குக் காய்ச்சலே வரலை. ரத்தத்துல ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ டெஸ்ட் எடுத்தார். நெகட்டிவ். “முடக்குவாதம் இல்லை, பயப்படாதீங்க”ன்னு அனுப்பிட்டார்.

மூணாவது ஆள் என்னை வெளியே உட்காரச் சொல்லிட்டு அப்பாகிட்ட தனியாப் பேசினார். திரும்பி வர்றப்போ பஸ்ஸுல அப்பா ரொம்ப நேரம் பேசலை. காந்திபுரம் வந்ததும் மெதுவா கேட்டார். “ஏம்மா... படிக்கப் பிடிக்கலையா?”

மணிக்கட்டு வீங்கினப்பகூட நான் அழுதது இல்லைங்க. அன்னிக்கு ராத்திரி அழுதேன்.

தூக்குடா நோட்டை!

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்களுக்கு ‘இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்’ நல்லாத் தெரியும். சால்டரிங் சரியாப் பிடிக்காத ஒரு இடம். சர்க்யூட் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. மீட்டரை வச்சா எல்லாம் சரியாக் காட்டும். அதுக்காக ‘போர்டுல கோளாறே இல்லை’ன்னு எந்த இன்ஜினீயரும் சொல்ல மாட்டார். ஒரு ரீடிங்கை நம்பாம, தொடர்ந்து ரீடிங் எடுப்பார். எப்போ போகுது, எவ்வளவு நேரம் போகுது, அப்போ என்ன ஓடிக்கிட்டிருந்ததுன்னு எல்லாத்தையும் குறிச்சு வைப்பார்.

போர்டுக்குக் கிடைக்கிற மரியாதை என் கைக்குக் கிடைக்கக் கூடாதா? மிச்சம் இருந்த ஒரு ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். தேதி. ஆரம்பிச்ச நேரம். எந்த மூட்டு. எத்தனை மணி நேரம். பக்கத்துல அளவுக்கு ஒரு அஞ்சு ரூபாய்க் காயினை வச்சு, ரெண்டு கையும் ஒரே ஃப்ரேம்ல தெரியற மாதிரி மொபைல்ல ஒரு போட்டோ. வீக்கம் வத்தினதும் அதே இடத்துல இன்னொரு போட்டோ. அஞ்சு மாசத்துல 14 தடவை.

அந்த நோட்டோடதான் ஒரு ரூமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்கப் போனேன். (“ரூமட்டாலஜியா? ரூம்மேட்டுங்களைப் பத்திப் படிக்கறதாடி?” – இது என் ரூம்மேட்!) எலும்பு முறிஞ்சா ஆர்த்தோ. மூட்டுக்குள்ளே நம்ம எதிர்ப்பு சக்தியே கலாட்டா பண்ணினா, அதுக்குன்னு படிச்சவங்க இவங்க.

வழக்கம்போல அன்னிக்கும் என் கை பளிச்சுனு இருந்தது. டாக்டர் மேடம் கையைத் தொடலை. முதல்ல நோட்டை வாங்கிப் புரட்டினாங்க. போட்டோ ஒவ்வொண்ணையும் பெருசாக்கிப் பார்த்தாங்க. அப்புறம்தான் விரல்களை ஒண்ணொண்ணா அழுத்திப் பார்த்துட்டு சொன்னாங்க. “இன்னிக்கு உன் கையில ஒண்ணுமே இல்லைங்கறதும் எனக்கு ஒரு தகவல்தாம்மா.”

அடுத்து அவங்க கேட்ட கேள்விதான் க்ளாஸ். “விகடகவி தெரியுமா? முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணுதானே? உன் வலியும் அப்படித்தான். நார்மல்ல ஆரம்பிச்சு நார்மல்ல முடியுது.”

அதுக்குப் பேரே ‘பாலிண்ட்ரோமிக் ருமாட்டிஸம்’. வந்த வழியே திரும்பி ஓடறதுங்கற அர்த்தம் வர்ற கிரேக்க வார்த்தையில இருந்து வந்தது. ‘தேரு வருதே’ மாதிரி! கூடவே ‘ஆன்ட்டி சி.சி.பி.’ங்கிற ரத்த டெஸ்ட்டும் எழுதிக் கொடுத்தாங்க. அது பாசிட்டிவ்.

வலி எதனால போச்சுன்னு கேட்டவர்

இந்தப் பேரை வச்சவங்க அமெரிக்காவின் மேயோ க்ளினிக் டாக்டர்கள் ஃபிலிப் ஹென்ச்சும் எட்வர்ட் ரோசன்பெர்க்கும். வருஷம் 1941. எக்ஸ்ரேயில மாட்டாம, ரெண்டு மூணு நாள்ல மாயமாகிற இந்த மூட்டுவலியைப் பத்தி, தங்ககிட்ட வந்த 34 பேரை வச்சு அவங்க விரிவா எழுதினாங்க.

இந்த ஹென்ச் யார் தெரியுமா? 1929-ல் முடக்குவாதம் வந்த ஒருத்தர் அவர்கிட்ட, ‘எனக்கு மஞ்சள் காமாலை வந்ததுல இருந்து மூட்டு வலிக்கலை டாக்டர்’னு சொன்னாராம். நம்மளா இருந்தா, ‘நல்லதாப் போச்சு’ன்னு விட்டிருப்போம். ஹென்ச் விடலை. காமாலை வந்தவங்க, கர்ப்பமா இருக்கிற பெண்கள்னு, வலி குறைஞ்ச ஆட்களாத் தேடிப் பிடிச்சுப் பார்த்தார். அப்போ உடம்பே ஏதோ ஒரு மருந்தைத் தயார் பண்ணுதுன்னு சந்தேகப்பட்டார். அந்தத் தேடல்தான் 1948-ல் கார்ட்டிஸோன்ங்கிற ஸ்டீராய்டை முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலா கொடுத்துப் பார்க்கற வரைக்கும் போச்சு. 1950-ல் எட்வர்ட் கெண்டல், டேடியஸ் ரைக்ஸ்டைன் ரெண்டு பேரோடயும் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு!

வலி வந்தா எல்லாரும் ஏன் வந்ததுன்னு கேட்பாங்க. ‘ஏன் போச்சு?’ன்னு கேட்டவருக்கு நோபல். என்கிட்ட ‘போயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?’ன்னு கேட்டவங்க எல்லாருக்கும் இந்தப் பாராவை டெடிகேட் பண்றேன். ஹி... ஹி...

எல்லாம் அவுட் ஆஃப் சிலபஸ்!

‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’, அதாவது முடக்குவாதத்துக்கு ஒரு பாடப்புத்தக முகம் இருக்கு. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, சின்னச் சின்ன மூட்டுகள்ல வீக்கம். காலையில எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல விரல் மடங்காது. வாரக்கணக்கா இது நீடிக்கும். ஹாஸ்டல் வாட்ச்மேன் திருடனை விட்டுட்டு ஹாஸ்டல் பசங்களையே பிடிச்சு அடிக்கிற மாதிரி, கிருமிகளோட சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, மூட்டுக்குள்ளே இருக்கிற மெல்லிய சவ்வைத் தாக்குறதுதான் காரணம்.

ஆனா, எல்லாருக்கும் இந்த நோய் புத்தகத்தைப் படிச்சுட்டு வர்றதில்லை. மேடம் சொன்னதையும், அப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சொல்றேன், கேளுங்க.

சிலருக்கு ஒரே ஒரு முழங்காலோட ஆரம்பிக்கும். நம்ம நாட்டுல மூட்டுக் காசநோயும் அப்படி வரும்ங்கறதால, எதுன்னு பிரிச்சுப் பார்க்கறதே பெரிய வேலை. சிலருக்கு ராத்திரியில கை மரத்துப் போறதுதான் முதல் அடையாளம். மணிக்கட்டுக்குள்ளே சவ்வு வீங்கி, அந்த வழியாப் போற நரம்பை அமுக்கிடுது. மூட்டுல வலி வர்றதுக்கு முன்னாடியே நுரையீரல் பாதிச்சு, வறட்டு இருமலும் மூச்சு வாங்கலுமா ஆரம்பிச்சவங்களும் உண்டு. வயசானவங்களுக்கு விரலை விட்டுட்டுத் தோள்பட்டைகள்ல ஆரம்பிச்சு, வேற நோய் மாதிரி வேஷம் போடும்.

எனக்கு ஆச்சரியமே குரல்தான். நம்ம குரல்வளைக்குள்ளேயும் குட்டியா மூட்டு இருக்காம்! முடக்குவாதம் அதைப் பிடிச்சா குரல் கம்மிப் போகும், முழுங்கறப்போ தொண்டையில ஏதோ சிக்கின மாதிரி இருக்கும். தாடை மூட்டைப் பிடிச்சா வாயைத் திறக்கவே கஷ்டம். இன்னொரு விசித்திரம். பக்கவாதத்தால ஒரு பக்கம் செயலிழந்தவங்களுக்குப் பின்னாடி முடக்குவாதம் வந்தப்போ, செயலிழந்த பக்கத்து மூட்டுகள் மட்டும் தப்பிச்சதையும் டாக்டர்கள் பதிவு பண்ணியிருக்காங்க.

டெஸ்ட்டும் அப்படித்தான். முடக்குவாதம் இருக்கிறவங்கள்ல பத்துக்கு ரெண்டு, மூணு பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்தான் வரும். நோயே இல்லாத சிலருக்கு பாசிட்டிவ்வும் வரும். அதனாலதான் 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்கள் சேர்ந்து போட்ட விதிமுறையில ரத்த டெஸ்ட்டுக்கு மட்டும் மார்க் இல்லை. எத்தனை மூட்டு, எந்த மூட்டு, எத்தனை வாரம்னு எல்லாத்துக்கும் சேர்த்து பத்து மார்க். ஆறு எடுத்தா ‘பாஸ்’. நாம ஃபெயிலாக ஆசைப்படற ஒரே எக்ஸாம்!

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்க 1 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதுல ஏறக்குறைய 70 சதவிகிதம் பெண்கள். 55 வயசைத் தாண்டினவங்க 55 சதவிகிதம். அப்போ மிச்சம் 45 சதவிகிதம்? இப்போ சொல்லுங்க, இது பாட்டிங்க டிபார்ட்மென்ட்டா?

ட்ரெய்லர் மட்டும்தானா?

விகடகவி வலி, தனி நோயா, முடக்குவாதத்தோட முன்னோட்டமான்னு டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் ஓடுது. இது வந்தவங்கள்ல தோராயமா மூணுல ஒருத்தருக்கு நாளடைவில நிஜமான முடக்குவாதமா மாறும். ஆன்ட்டி சி.சி.பி. பாசிட்டிவ்னா அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். எனக்கு பாசிட்டிவ்ங்கறதை மறந்திருக்க மாட்டீங்க.

ட்ரெய்லர் வந்த எல்லாப் படமும் ரிலீஸாகறதில்லைன்னு ஜோக் அடிச்சுக்கறேன். ஆனா, சால்டரிங் அயர்னைப் பிடிக்கறப்பல்லாம் விரலைப் பார்த்துக்கறேன். கோர் கம்பெனியில ஹார்டுவேர் டிசைன்தான் என் கனவு. கை இல்லாம அது நடக்காது.

இந்த இடத்துல எனக்குத் துணைக்கு வர்றவங்க டோரதி ஹாட்ஜ்கின். பிரிட்டிஷ் விஞ்ஞானி. 24 வயசுல கை மூட்டெல்லாம் வலின்னு டாக்டர்கிட்ட போனாங்க. முடக்குவாதம். எக்ஸ்ரே கருவியோட மெயின் ஸ்விட்ச்சைப் போட விரலுக்குத் தெம்பு இல்லாமப் போனப்போ, நீளமா ஒரு லீவரைப் பொருத்திக்கிட்டு வேலையைத் தொடர்ந்தாங்க. பென்சிலின், வைட்டமின் பி12, இன்சுலின்... இதோட மூலக்கூறு அமைப்பையெல்லாம் கண்டுபிடிச்சது அந்தக் கைதான். 1964-ல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கினாங்க. கை வளையலைன்னா லீவரை மாத்து. இதைவிடப் பெரிய இன்ஜினீயரிங் பாடம் என்ன இருக்கு?

அவங்க காலத்துல இல்லாத மருந்தெல்லாம் இப்போ இருக்கு. ஆரம்பத்துலயே பிடிச்சுட்டா மூட்டு அரிக்கிறதைத் தடுக்கலாம். அரிச்சு முடிஞ்சுட்டா போனது போனதுதான். அதனாலதான், ‘நார்மல்’னு ஒரே வார்த்தையில அனுப்பிடறது ஆபத்து. நான் இப்போ ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடறேன். அதுக்காகக் கண் செக்கப்பும் உண்டு. மாசத்துக்கு மூணு தடவை வந்த விருந்தாளி, போன ரெண்டு மாசத்துல ஒரே தடவைதான் எட்டிப் பார்த்தார். மூட்டுல நிரந்தர வீக்கம் இல்லை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போய் அதை உறுதி பண்ணிக்கறோம்.

உங்ககிட்ட மூணே மூணு வேண்டுகோள்.

ஒண்ணு: மூட்டு வீங்கினா அப்பவே போட்டோ எடுங்க. தேதியும் நேரமும் குறிங்க. டாக்டர் முன்னாடி வலி ஓடிப்போனாலும் போட்டோ ஓடாது.

ரெண்டு: மெடிக்கல் ஷாப்புல பேர் தெரியாத மாத்திரையை வாங்கி முழுங்காதீங்க. சில நேரம் அதுல ஸ்டீராய்டு இருக்கும். வலி மாயமா மறையும், உள்ளே இருக்கிற நோயும் மறைஞ்சுக்கும். டாக்டர் மேற்பார்வை இல்லாத ஸ்டீராய்டு, சர்க்கரையில இருந்து எலும்பு வரைக்கும் பதம் பார்க்கும்.

மூணு: மூட்டு வீக்கம் திரும்பத் திரும்ப வந்தா ரூமட்டாலஜி பிரிவுக்குப் போங்க. சென்னையில ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலயே இதுக்குன்னு தனித் துறை இருக்கு.

நாலாவதா ஒண்ணு, இது ஃப்ரெண்ட்ஸுக்கு. நேத்து ஆடினவ இன்னிக்கு நொண்டினா ‘சீன்’னு சொல்லாதீங்க. அவ பையை வாங்கிக்கிட்டுக் கூட நடங்க. போதும்.

இந்தக் கட்டுரையை எழுதப் போறேன்னு வீட்டுல சொன்னதும் அம்மா பதறிட்டாங்க. “ஊருக்கெல்லாம் தெரியணுமா? நாளைக்கு வரன் பார்க்கறப்போ யாராவது எடுத்துக் காட்டினா?” ஒரு வாரம் என்கூட சரியாப் பேசலை. அப்பாதான் அந்த ரெக்கார்டு நோட்டை எடுத்து அம்மா கையில கொடுத்திருக்கார். அம்மா 14 பக்கத்தையும் புரட்டிப் பார்த்திருக்காங்க.

நேத்து ஃபோன் பண்ணினாங்க. “எழுதிக்கோ. ஆனா, அந்த முழங்கால் வீங்கின தேதியைப் பார்த்தேன். அன்னிக்கு உன் பொறந்த நாளுடி. நல்லா இருக்கேன்னுதானே ஃபோன்ல சொன்னே? இனிமே வலிச்சா முதல்ல எனக்குச் சொல்லு. நோட்டுல அப்புறமா எழுதிக்கலாம்.”

சரிம்மா!